வீட்டுப் பள்ளியின் சிலேட்டு

ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகளைப் பாதியில் நிறுத்தி, வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது என்னைத் தடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அப்படித்தான் அன்று நினைத்தேன். நான் சொன்னதை யாரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என் மனைவி மட்டும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே, "நீ பண்ணுய்யா. உன்ன விட்டா இந்த ஊர்ல யாருக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் பல வருடங்களாகத் தரம் பார்க்கிறவன் நான். லைனில் கடைசி மேஜை என்னுடையது. பட்டையில் கடுகளவு பிசிறு இருந்தாலும் விரல் நுனியில் கண்டுபிடித்து, பக்கத்தில் இருக்கும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். இதையே வருடக்கணக்கில் செய்தால் ஒரு வியாதி வரும். எதைத் தொட்டாலும் பிசிறு தட்டும். கல்யாணப் பந்தியில் வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட கண் ஒரு அரசுப் பள்ளியின் வராண்டாவில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு, மழை வரும் போலிருந்ததால் மகளை அழைத்துக்கொண்டு போகலாம் என்று பள்ளிக்குப் போனேன். வல்லக்கோட்டை போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் பள்ளி. ஏதோ ஒரு கம்பெனி தர்ம காரியமாக அதன் சுவர் முழுக்க ரயில் பெட்டி வரைந்து கொடுத்திருந்தது. அந்த ரயிலுக்கு முன்னால் வராண்டாத் தரையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் நோட்டு மூடிக் கிடந்தது. எதிரில் ஏழு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த ஏதோ ஒரு குடும்பத்துப் பிள்ளை என்று பார்த்ததுமே தெரிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சிலேட்டு. என் மகள் "கா" என்றால் அது "கா" என்றது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "படிக்க அனுப்பினா நீ வாத்தியார் வேல பாத்துகினு கீறியா?" என்று கத்தினேன். "நீ உள்ள போ! உனக்கு டீச்சர் இல்ல?" என்று அந்தச் சின்னதையும் ஒரு அதட்டு அதட்டினேன். அது எழுந்து தூணுக்குப் பின்னால் போனது. நடுவில் கிடந்த சிலேட்டை எடுத்து மகளின் பைக்குள் திணித்தேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். "பேசாத" என்றேன்.

தலைமை ஆசிரியை வெளியே ஓடி வந்தார். "சார், ஒரு டீச்சர் ட்ரெயினிங் போயிருக்காங்க. மூணு கிளாஸ ஒண்ணா வச்சிருக்கேன். உங்க பொண்ணு என்ன பண்றான்னா..." என்று தொடங்கினார். எங்கள் கம்பெனியில் லைன்காரர்கள் சொல்லும் விளக்கங்களைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவன் நான். "விளக்கம் வேணாம் மேடம். டி.சி. குடுங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து டி.சி. வாங்கப் போனபோது, அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். டி.சி. கொடுத்துவிட்டால் பிள்ளையின் பெயர் அரசாங்கக் கம்ப்யூட்டரில் காமன் பூல் என்ற இடத்துக்குப் போய்விடுமாம். வேறொரு பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்குமாம்.

"எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?"

"என் வூட்ல."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். காரணம் என்ற இடத்தில் "தரம் போதவில்லை" என்று எழுதச் சொன்னேன். "பெற்றோர் விருப்பம்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

இந்த விருப்பம் எனக்கு வந்த கதை சின்னது. கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு எடுக்க சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தன் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை என்றும், வீட்டிலேயே படித்துப் பெரியவன் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறான் என்றும் டீ இடைவேளையில் சொன்னார். அவர் மனைவி வேலைக்குப் போகிறாரா, வீட்டில் சமைப்பது யார், பகலில் பிள்ளைகளோடு இருப்பது யார் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்பது எனக்குப் பழக்கமில்லை, கண்டுபிடிப்பதுதான் பழக்கம்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் பள்ளி தொடங்கியது. தொழிற்சாலையில் கற்றதையெல்லாம் கொட்டிவிட்டேன். தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன். டேப்புக்குள் மாணவி, டேப்புக்கு வெளியே பிரிட்ஜும் டி.வி.யும். ஒரு அட்டையில் பென்சில், ரப்பர், ஸ்கேல் மூன்றின் உருவத்தையும் வரைந்து மாட்டினேன். எடுத்த பொருள் திரும்பி அந்த உருவத்துக்குள் போய் நிற்க வேண்டும். ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தொட்டி வாங்கிவந்து வைத்தேன். தப்பாகப் போட்ட கணக்குள்ள பக்கம் கிழிக்கப்பட்டு அதற்குள் போகும். காலையில் ஷிஃப்ட் தொடங்கும் முன் லைன் முழுவதும் நின்று தர உறுதிமொழி எடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். அதையும் விடவில்லை. ஒரே ஒரு மாணவி நின்று கையை நீட்டி உறுதிமொழி சொல்வதை மாடிப்படியில் நின்று பார்த்த கீழ்வீட்டு அக்கா, அதாவது என் மனைவியின் அக்கா, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் இல்லாத நேரமெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான் என்பதால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

உற்பத்தி பலகை இல்லாமல் லைன் ஓடாது. இன்றைய இலக்கு எத்தனை, ஆனது எத்தனை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். பைக்குள் திணித்துக் கொண்டுவந்த சிலேட்டு நினைவுக்கு வந்தது. அதை எடுத்து, அழியாத மார்க்கரால் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் "இலக்கு", வலப்பக்கம் "ஆனது" என்று அழுத்தி எழுதி சுவரில் மாட்டினேன்.

"அப்பா, அந்த சிலேட்டு..." என்றாள் மகள்.

"வேல நேரத்துல பேச்சு கெடையாது" என்றேன்.

பள்ளி நேரம் என்னுடைய ஷிஃப்டோடு சேர்ந்து சுற்றியது. முதல் ஷிஃப்ட் வாரத்தில் பள்ளி மாலை நான்கு மணிக்கு. இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஏழு மணிக்கு. இரவு ஷிஃப்ட் வாரத்தில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும், ஒன்பதேகாலுக்கு ஆசிரியர் சோபாவில் குறட்டை விடுவார். அந்த வாரங்களில் இலக்கும் ஆனதும் சரியாக இருந்தன, ஏனென்றால் இரண்டையும் அவளே எழுதிக்கொண்டாள். பழைய பள்ளியில் காலையில் சூடாகப் பொங்கல் போடுவார்கள். எங்கள் நிறுவனத்தில் முந்தின நாள் மாவில் தோசை. அதைப் பற்றி ஒரு நாள் மாணவி புகார் சொன்னாள், நிர்வாகம் கவனத்தில் எடுத்துக்கொண்டது, அத்தோடு சரி.

"வூட்ல பன்ச்சிங் மெஷின் ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் மனைவி. அவளும் நாள் முழுக்க ஒரு செல்போன் கம்பெனியில் நின்றுகொண்டே ஸ்க்ரூ முடுக்குகிறவள். "நான் அங்கதான் லைன்ல நிக்கிறேன். எம் பொண்ணையும் ஏன்யா நிக்க வைக்கிற?"

"அவ உக்காந்துதான் படிக்கிறா" என்றேன். எவ்வளவு கூர்மையான பதில் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் பெருமைப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. அது ஐந்து ஏன் தாள். கம்பெனியில் ஒரு தப்பு நடந்தால் ஒரு தாளை எடுத்து மேலே பிரச்சினையை எழுத வேண்டும். கீழே ஐந்து கட்டம். ஏன் நடந்தது என்று கேட்டு முதல் கட்டத்தில் பதில். அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு இரண்டாவதில் பதில். இப்படி ஐந்து முறை தோண்டினால் வேர் கிடைக்கும். வேர் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஒன்றைத் தவிர. "ஆளின் கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது. எழுதினால் மேனேஜர் தாளை மூஞ்சியில் விசிறாத குறையாகத் திருப்பிக் கொடுப்பார். ஆள் மேல் பழி போடுவது சோம்பேறியின் வேலை, இன்னும் கேள் என்பார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

வீட்டில் மகள் முக்காலையும் அரையையும் கூட்டி ஆறில் நான்கு என்று எழுதினாள். உடனே தாளை எடுத்தேன். ஏன் தப்பு? கவனம் இல்லை. ஏன் கவனம் இல்லை? ஜன்னலைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள்? கவனம் இல்லை. ஐந்து கட்டங்களையும் நானே நிரப்பி, கீழே அவளிடம் கையெழுத்து வாங்கினேன். இரண்டு மாதத்தில் இப்படி ஒரு கட்டு சேர்ந்தது. எல்லாத் தாளிலும் வேர் ஒன்றுதான், கவனக்குறைவு. மகள் முன்பு வாய் ஓயாதவள். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒழுக்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

பிறகு ஒரு நாள், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் டீச்சர் ஒருவர் கையில் செல்போனோடு வந்தார். காமன் பூலில் கிடந்த என் மகளைத் தேடித்தான். மஞ்சள் டேப்பைத் தாண்டலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்று கேள்விகளைப் படித்தார். பிள்ளை செங்கல் சூளையில் வேலை செய்கிறதா? குடும்பம் ஊர் மாறிவிட்டதா? தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தினீர்களா? உடம்பு சரியில்லையா?

"வீட்டிலேயே படிக்கவைக்கிறேன்" என்றேன்.

"அப்டி ஒரு ஆப்ஷன் இதுல இல்லயே சார்" என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கடைசியில், "பெற்றோருக்குக் கல்வியில் ஆர்வமில்லை, இதப் போட்டுடறேன் சார். இதுதான் கொஞ்சம் கிட்ட வருது" என்றார். ஆர்வம் தாங்க முடியாமல் பள்ளியையே நிறுத்தியவனுக்கு அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் அது.

போகும்போது தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். "அந்தப் பழைய ஸ்கூல்ல ரெண்டு பேர்தான் சார் லிஸ்ட்ல. ஒண்ணு உங்க பொண்ணு. இன்னொண்ணு ரெண்டாவது படிச்ச ஒடிசா பாப்பா. அது ரெண்டு மாசமா வர்றதே இல்ல. நான் போனா ஷெட்டுக்குள்ள ஓடிப் போயிடுது." எனக்கு அது வெறும் தகவல். மகள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவர் படி இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வீட்டுப் பள்ளியைத் தொடங்க ஹாலுக்கு வந்தபோது பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு ஐந்து ஏன் தாள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து இல்லை, அவளுடையது. பிரச்சினை என்ற இடத்தில் அந்தப் பாப்பாவின் பெயர், அவள் ஸ்கூலுக்கு வருவதில்லை என்று இருந்தது. ஏன்? அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஏன்? கிளாஸுக்குள் அவள் படித்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள், அதனால் வராண்டாவில் வைத்து நான்தான் சொல்லிக்கொடுப்பேன், இப்போது நான் இல்லை. ஏன்? அப்பா டி.சி. வாங்கிவிட்டார். ஏன்? நான் படிக்காமல் இருந்தேன் என்று நினைத்தார். ஏன்? அப்பா என்னைக் கேட்கவில்லை.

தாளின் அடியில் பொறுப்பு யார், எப்போது முடியும் என்று இரண்டு கட்டம் உண்டு. பொறுப்பு: அப்பா. எப்போது: நாளைக்கு.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? எழுத்துப் பிழை தேடினேன். ஒன்றும் இல்லை. ஐந்து ஏனும் ஒன்றிலிருந்து ஒன்று ஒழுங்காக இறங்கியிருந்தன. ஆள் மேல் பழி போடவில்லை. கவனக்குறைவு என்ற சொல் எங்கேயும் இல்லை. இத்தனை வருடங்களில் என் கைக்கு வந்த தாள்களில் இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை ஏன் என்று கேட்கச் சம்பளம் வாங்குகிறவன், பெற்ற பெண்ணிடம் ஒரு முறைகூடக் கேட்டிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"டீச்சர் உன்ன சொல்லிக்குடுக்க சொன்னாங்களா?" என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லப்பா. நான்தான் டீச்சர கேட்டேன். என் கணக்க முடிச்சிட்டுதான் வெளிய போவேன்."

"அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"பேசாதன்னு சொன்ன. அப்பறம் வேல நேரத்துல பேச்சு கெடையாதுன்ன" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலை இரண்டாம் ஷிஃப்டுக்கு முன்னால் அவளை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். "வீட்டு ஸ்கூல்ல லீவு விட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டார். கேட்கட்டும், அவருக்கு உரிமை இருந்தது. காமன் பூலிலிருந்து பெயரை எடுக்கக் கம்ப்யூட்டர் கொஞ்சம் நேரம் பிடித்தது. காரணம் என்ன எழுத என்றார். என்னுடைய தப்பு என்று எழுதச் சொன்னேன். அவர் மறுபடியும் "பெற்றோர் விருப்பம்" என்றே எழுதினார். அந்தக் கட்டத்தில் எழுத வேறு எதுவும் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

தாளில் பொறுப்பு என்று என் பெயர் இருக்கிறதே. அங்கிருந்து அந்தப் பாப்பாவின் வீட்டுக்கு மகளே வழி காட்டினாள். கம்பெனிச் சுவரை ஒட்டி வரிசையாகத் தகரக் கொட்டகைகள். கண்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் தகரம் நடுங்கியது. பாப்பாவின் அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என் மகளைப் பார்த்ததும் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பாப்பா அவள் சேலைக்குப் பின்னால் போனது. வராண்டாத் தூணுக்குப் பின்னால் போன அதே வேகம்.

ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்டேன். இந்த முறை நிஜமாகவே கேட்டேன், பதில் வரும் வரை நின்றேன்.

"பாப்பா பயம் சார்" என்றாள் அந்த அம்மா, தெரிந்த தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து. "அக்கா அப்பா கோபம், சொல்லுச்சு. சிலேட்டு எடுத்துப் போச்சு, சொல்லுச்சு. நான் நம்பல. தொலைச்சிச்சு, நெனச்சேன். புது சிலேட்டு சார் அது. அடிச்சேன்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அந்தத் தாளில் ஐந்து கட்டம்தான் இருந்தது. சிலேட்டை நான் எடுத்துவந்தது என்ற ஆறாவது ஏன் ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதாமல் விட்டிருக்கிறாள். நான் நிறுத்தியது ஒரு பிள்ளையின் படிப்பை என்று நினைத்திருந்தேன். இரண்டு பிள்ளைகளின் படிப்பை நிறுத்தி, அதில் ஒன்றுக்கு அடியும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதமாக என் வீட்டுச் சுவரில் மாட்டி, தினமும் நின்று பார்த்துப் பெருமைப்பட்ட பலகை அந்தக் குழந்தையுடைய சிலேட்டு.

"சிலேட்டு தொலையல மா. நான்தான் எடுத்துட்டுப் போனேன். தப்பு என்னுது" என்றேன் அந்த அம்மாவிடம். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மகள் ஏதோ இரண்டு ஒடியாச் சொல்லும் கையும் சேர்த்துச் சொன்னாள். அதன் பிறகு அந்த அம்மாவின் முகம் மாறியது. குனிந்து பாப்பாவின் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அன்று ஷிஃப்டுக்கு லீவு போட்டேன். வீட்டுக்கு வந்து சிலேட்டைக் கழற்றித் துடைத்தேன். சோப்பு போட்டேன். தின்னர் ஊற்றித் தேய்த்தேன். சாக்பீஸில் எழுதிய எண்கள் எல்லாம் போயின. மார்க்கரில் எழுதிய "இலக்கு", "ஆனது", நடுவில் போட்ட கோடு, இவை மட்டும் கொஞ்சம் இழுகினவே தவிரப் போகவில்லை. புதியது வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றேன். "அவளுக்கு அவளோடதுதாம்பா வேணும்" என்றாள் மகள். கடையில் வாங்கிய புதுசையும், என்னால் பாழான பழசையும் இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பள்ளிக்குப் போனோம்.

பாப்பா வந்திருந்தது. அதன் அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று ஓடிக்கொண்டிருந்தாள். வராண்டாவில் என் மகள் அதே இடத்தில் உட்கார்ந்தாள். பாப்பா கொஞ்சம் தள்ளி நின்றது. நான் தரையில் உட்கார்ந்து இரண்டு சிலேட்டையும் நீட்டினேன்.

"எது உன்னுது?" என்று கேட்டேன்.

அது புதுசைத் தொடவில்லை. பழசை எடுத்துக்கொண்டது. நான் அழுத்தி எழுதியிருந்ததை விரலால் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தது. போகவில்லை என்று தெரிந்ததும் சிலேட்டைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் "கா" எழுதத் தொடங்கியது.